போனே மெட்டுப் போடும் காலத்தில் மகளை இசை படிக்க வைக்கலாமா?

வணக்கம் சார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "போனில் நாலு வரி தட்டினால் ஒரு நிமிஷத்தில் பாட்டே வந்துவிடுகிறது. இதைப் படிக்க மூன்று வருஷமா? கம்ப்யூட்டர் போடும் மெட்டெல்லாம் ஒரு கலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டது போலிருந்தாலும் கேள்வி நியாயமானது. பின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

இது நேற்று முளைத்த சமாச்சாரம் இல்லை. 1957-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லெனார்ட் ஐசக்சன் என்ற இருவர், இலியாக் என்ற கணினியைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கு ஒரு இசைக்கோவை செய்தார்கள். ஹில்லர் வேதியியல் படித்தவர். (கெமிஸ்ட்ரியா மியூசிக்கா என்று உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையில் இதை யார் பக்கம் சேர்ப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.) கணினி ஸ்வரங்களைக் கண்டபடி எடுத்துப் போடும், இசை இலக்கணத்துக்கு ஒத்துவராததைத் தள்ளிவிடும். அந்த இலக்கணத்தை அதற்குச் சொல்லிக் கொடுத்தது மனிதர்கள்.

அதைவிடச் சுவையானது டேவிட் கோப்பின் கதை. 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இருந்த இந்த இசையமைப்பாளர் ஓர் ஆபரா (பாட்டாலேயே நடக்கும் மேலைநாட்டு மேடை நாடகம்) எழுத ஒப்புக்கொண்டார். கற்பனை ஓடவே இல்லை. கைகொடுக்கட்டுமே என்று ஒரு நிரல் எழுத உட்கார்ந்தவர், வருஷக்கணக்கில் அதிலேயே மூழ்கி, பாக் என்ற ஜெர்மன் மேதையின் பாணியில் இசையமைக்கும் மென்பொருளைச் செய்துவிட்டார். 1997-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு பரீட்சை வைத்தார்கள். பியானோவில் மூன்று துண்டுகள்: ஒன்று பாக் எழுதியது, ஒன்று மென்பொருள் எழுதியது, இன்னொன்று அங்கே இசை கற்பித்த ஸ்டீவ் லார்சன் எழுதியது. மென்பொருளின் துண்டைத்தான் பாக் என்றது சபை. லார்சன் எழுதியதைக் கம்ப்யூட்டர் வேலை என்றது! பாவம், மனுஷன் நொந்துபோனார்.

அப்படியானால் அது கலையா? என் கட்சி இது: பாக்கின் எந்தப் பாட்டுகளை உள்ளே போடுவது, எப்படித் துண்டுபோடுவது, வெளியே வந்து குவிந்ததில் எதை மேடையேற்றுவது, எல்லாம் கோப் எடுத்த முடிவு. கலை அவருடைய காதில் இருந்தது. அந்தக் காது இல்லாதவர் அதே பொத்தானை அமுக்கினால் வருவது வெறும் சத்தம்தான், இனிமையான சத்தமாகவே இருந்தாலும்.

உங்கள் பெண்ணிடம் அந்தக் காது இருக்கிறதா? போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது போனில் ஒரு மெட்டைப் போட்டுக் காட்டினாள். செயலி கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "இல்லை சார், சரணத்தில் 'நி' ஸ்வரத்திலேயே நின்று இழுத்துக்கொண்டே இருந்தது. எரிச்சலாக வந்தது. வெட்டிவிட்டு நானே பாடிச் சேர்த்தேன்" என்றாள். இரண்டையும் கேட்டேன். அவள் வெட்டியது சரி. அந்த எரிச்சலை எந்தக் கல்லூரியும் ஊட்ட முடியாது சார். இருப்பதைத் தீட்டத்தான் முடியும்.

இனி பிழைப்பு. பூசி மெழுகாமல் சொல்கிறேன். யூடியூப் வீடியோவுக்குப் பின்னால் ஓடும் இசை, கடை விளம்பரத்துக்கு முப்பது வினாடிப் பாட்டு மாதிரியான சில்லறை வேலைகள் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் இத்தனை நாள் அதில்தான் காலூன்றினார்கள். ஆகவே, "மெட்டுப் போடுவேன்" என்பதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஒலிப்பதிவு, மிக்சிங், படத்துக்கு ஒலி சேர்ப்பது என்று கைத்தொழில் ஒன்று கூடவே வேண்டும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கென்றே படிப்பு இருக்கிறது; அதைத்தான் முதலில் விசாரிப்பேன். இடம் கிடைக்காவிட்டால் அரசு இசைக் கல்லூரி, கூடவே மாலையில் ஏதாவது ஸ்டுடியோவில் எடுபிடி வேலை. லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் ஆறு மாத டிப்ளமோக்களுக்கு மட்டும் இப்போதே முன்பணம் கட்டிவிடாதீர்கள். பாட்டு வகுப்பையும் நிறுத்த வேண்டாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது, எங்கே பிசகுகிறது என்று பிடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இனி வேலை.

இன்னொன்று. நம் நாட்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர். 1994 திருத்தத்திலேயே இது வந்துவிட்டது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ, வெறுமனே கட்டளை தட்டினால் மட்டும் போதாது, மனிதரின் கைவேலை வேண்டும் என்று 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அவள் பாட்டு நாளைக்கு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரைவு, வெட்டியது, தானே பாடிச் சேர்த்தது எல்லாவற்றையும் தேதி போட்டுத் தனித்தனிக் கோப்பாக அவள் சேமித்து வைக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் எனக்கு நேரம் இருக்கிறது, இருவரும் வாருங்கள். வேண்டாம் என்று அவள் ஒதுக்கிய மெட்டுகள் போனில் இருந்தால் அழிக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் அவற்றைக் கேட்போம்.