திண்ணையில் போய் வைஃபை கேட்டால்...

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மகன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வைஃபை வரவில்லை. லினக்ஸ் ஆர்வலர்களின் டெலிகிராம் குழுவில் கேட்டேன். ஒருவர் பூனைப் படம் போட்டார். ஒருவர் 'கையேட்டைப் படியுங்கள்' என்றார். இன்னொருவர் ஒரு கட்டளையை அனுப்பி, 'இதை அடித்தால் எல்லாத் தொல்லையும் தீரும்' என்றார். அவமானமாக இருக்கிறது. விலகிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டிவனம்

பதில்: ஐயா, அந்தக் கட்டளையை அடித்துவிடவில்லையே? அது 'ஆர்எம்' (rm) என்ற எழுத்துகளோடு தொடங்கினால், கணினியில் உள்ளதை அழிக்கும் கட்டளை. புதியவர்களிடம் இப்படி விளையாடுவது லினக்ஸ் வட்டாரத்தில் அரதப்பழசான வழக்கம். எனக்கு இதில் சிரிப்பு வந்ததே இல்லை. அனுப்பியவரைப் பற்றிக் குழு நிர்வாகியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பூனைக்காரர் மேல் கோபம் வேண்டாம். நீங்கள் போனது அரட்டைத் திண்ணை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் ஐஆர்சி அரட்டை அறைகளில்கூட உதவிக்கு ஒன்று, வெட்டிப் பேச்சுக்கு ஒன்று என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். திண்ணையில் சீட்டாடுகிறவர்களிடம் மோட்டார் ஓடவில்லை என்றால், 'கரண்ட் இருக்கிறதா?' என்று சிரிப்பார்கள். சாயங்காலம் ஸ்பேனரோடு வருகிறவரும் அவர்களில் ஒருவர்தான்.

ஆனால் 'வைஃபை வரவில்லை' என்று மட்டும் கேட்டால் யாரால் என்ன சொல்ல முடியும்? நானும் ஒருமுறை 'ஒலி வரவில்லை' என்று கேட்டு நாலு பேரை ஒரு மணி நேரம் அலையவிட்டேன். ஒலியை நிறுத்தும் பொத்தானை நானே அழுத்தி வைத்திருந்தேன்! 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் ஆர்வலர்களிடம் சொன்னபோது, எந்தக் கணினிக்காக எழுதுகிறார், எந்த வன்தட்டு மட்டும் ஓடும் என்பதுவரை சொல்லியிருந்தார். லினக்ஸ் வெளியே தெரிந்ததே அப்படித்தான். கணக்கில் 'தரப்பட்டவை' எழுதாத மாணவனுக்கு நீங்கள் மதிப்பெண் போட்டிருப்பீர்களா?

கட்டளைகளை அடிக்கும் திரையான டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (lspci) என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். வரும் பட்டியலில் வைஃபை சிப்பின் பெயர் இருக்கும். பழைய மடிக்கணினிகளில் பல சமயம் அது பிராட்காம் நிறுவனத்தின் சிப். அதுவானால் குழுவில் கேட்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். இணையம் வந்துவிடும். பிறகு மின்டின் மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டும் டிரைவரை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளை, நிறுவி, கணினியை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

ஆகாவிட்டால் மின்டின் பதிப்பு எண், சிப்பின் பெயர், செய்து பார்த்தவை எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். நேரில் காட்ட வேண்டுமென்றால், உங்கள் பக்கத்திலேயே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. அவர்கள் எப்போது கூடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, மடிக்கணினியைப் பையில் போட்டு பஸ் ஏறிவிடலாம்.

வைஃபை வந்ததும், எப்படி வந்தது என்று அதே குழுவில் இரண்டு வரி எழுதுங்கள். பூனைக்காரருக்குப் பதிலுக்கு ஒரு பூனை அனுப்பினாலும் தப்பில்லை.