தோப்புத் தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க

மாதவரத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்தோப்பிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது, குடியிருப்போர் சங்கத்தில் சுவர் எழுப்பச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சுவர் வேண்டாம் சார். தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும், அப்புறம் சண்டைதான்.

முதலில், தண்ணீர் தோப்பிலிருந்துதான் வருகிறதா, அல்லது கால்வாய் நிரம்பி வடிகால் வழியாக எதிர்த்து ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் தோப்பில் என்ன செய்தும் பயனில்லை.

தோப்புதான் என்றால், தண்ணீரை அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தலாம். சரிவுக்குக் குறுக்கே, பெரிய வேர்களை விட்டுத் தள்ளி, ஓரடி ஆழத்தில் அகலமான பள்ளங்கள் வெட்டுங்கள். எடுத்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். அடிமரத்தில் குவித்தால் மரம் நலியும். நிரம்பினால் வடிகாலுக்கு வழிய ஒரு வாய் கட்டாயம். சருகை எரிக்காமல் விட்டாலே மண் கூடுதலாக உறிஞ்சும். மூன்று நாளில் வற்றாத பள்ளம் கொசுப் பண்ணை, தூர்த்துவிடுங்கள்.

ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள். 10 செ.மீ. மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது சுமார் 4 லட்சம் லிட்டர். ஓரடி ஆழத்தில் 100 சதுர மீட்டர் பள்ளம் பிடிப்பது சுமார் 30,000 லிட்டர். வழக்கமான மழைக்கு உதவும், 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரி வந்தால் தாங்காது.

தோப்பு மாநகராட்சி நிலமாக இருந்தால், மண்டல அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே மண்வெட்டியை எடுங்கள்.