ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும் பிரிட்டிஷ், ஐரிஷ் தொடர்களில் பேசுவது ஏன் புரிவதில்லை?

கேட்டவர் மலேசியாவின் எஸ்பிஎம் பள்ளித் தேர்வில் ஆங்கிலத்துக்கு ஏ வாங்கியவராம், அலுவலகத்திலும் ஆங்கிலம்தானாம், ஆனால் பிரிட்டிஷ் தொடர் போட்டால் பாதி வசனம் காதில் ஏறுவதில்லை, உச்சரிப்பையும் கொச்சையையும் எப்படிப் பழகுவது என்கிறார்.

உங்கள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை, அதை நினைத்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் பினாங்குக்காரி. கோலாலம்பூரிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மாற்றலாகி வந்த ஒருவரை, வந்த வாரமே ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கடைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். கடைக்கார மக்சிக், அதாவது மலாய் அம்மா, "ஆயாக் நாக் அப்பா?" என்று கேட்டார். நம் ஆள் சின்ன வயதிலிருந்து மலாய் பேசுகிறவர், பள்ளியில் மலாய்ப் பேச்சுப்போட்டியில் பரிசெல்லாம் வாங்கினவராம், திருதிருவென்று முழிக்கிறார். மக்சிக் இரண்டாம் தரம் இன்னும் சத்தமாகக் கேட்டார். காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி. ஊஹும். 'ஆயேர்' என்பதைத்தான் இங்கே 'ஆயாக்' என்கிறோம், குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார் என்று நான் காதைக் கடித்த பிறகுதான் 'தே ஓ ஐஸ்', பாலில்லாத ஐஸ் தேநீர், என்றார்.

அன்று அவருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் 'ர்' வந்தால் வடக்கே அதைத் தொண்டைக்குள் இழுத்துவிடுவோம். 'பெசார்' எங்களுக்கு 'பெசாக்', 'டெங்கார்' 'டெங்காக்', 'ஊலார்' 'ஊலாக்'. தனித்தனியாக நூறு சொல் படிக்க வேண்டாம், இந்த ஒரு மாற்றம் பிடிபட்டால் நூறும் தானாக வரும்.

வெளிநாட்டுத் தொடரிலும் இதையேதான் செய்கிறேன். 'டெர்ரி கேர்ள்ஸ்' என்று ஒன்று, வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்தில் 1990களில் நடக்கிற கதை, 2018-இல் சானல் 4-இல் தொடங்கியது. முதல் தடவை பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன், அந்தப் பிள்ளைகள் பேசுகிற வேகத்துக்கு மூச்சு வாங்கியது எனக்கு. அப்புறம் ஒரு நாள் ஆங்கில எழுத்தைக் கீழே ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: திரையில் 'நவ்' என்று இருக்கிறது, காதில் ஏறக்குறைய 'நை' என்று விழுகிறது. 'டவுன்' 'டைன்' மாதிரி, 'ஹவ்' 'ஹை' மாதிரி. அட, இதுவும் ஆயாக் கதைதான்! அதற்குப் பிறகு இரண்டு எபிசோடில் காது திறந்துகொண்டது.

லண்டன்காரர்கள் நமக்கு இன்னும் சுலபம், ஏனென்றால் மலாய் நம் வாயில் இருக்கிறது. 'தாக்', 'புடாக்' என்று சொல்லிப் பாருங்கள், கடைசி 'க்' வெளியே வராமல் தொண்டையில் சட்டென்று நின்றுவிடும். அவர்களில் பலர் 'பாட்டில்', 'வாட்டர்' சொல்லும்போது நடுவில் உள்ள 'ட்'டை அதே இடத்தில்தான் விழுங்குகிறார்கள். கூடவே 'த்ரீ'யை 'ஃப்ரீ' என்பார்கள், 'ஹவுஸ்' தலையில்லாமல் 'அவுஸ்' ஆகிவிடும். ஆஸ்திரேலியர் சிலர் 'டுடே'யை 'டுடை' என்று இழுப்பார்கள். அவ்வளவுதான். ஒரு ஊருக்கு இரண்டு மூன்று மாற்றம் பிடித்தால் போதும்.

கொச்சை வேறு சமாச்சாரம், அதற்குச் சூத்திரம் கிடையாது. வீட்டில் அப்பாவோடு ஒரு லண்டன் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த அலைவரிசை என்பது வேண்டாம், கீழே மலாய் எழுத்து. ஒருவன் தன் கூட்டாளியைப் பார்த்து "யூஸ் யுவர் லோஃப்!" என்று கத்துகிறான், கீழே 'குனாக்கான் ரோத்தி', அதாவது ரொட்டியைப் பயன்படுத்து, என்று ஓடுகிறது. அப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா, அவனுக்குப் பசியா?" என்றார். விஷயம் என்னவென்றால், 'லோஃப் ஆஃப் ப்ரெட்' என்பது 'ஹெட்' என்பதோடு எதுகை சேர்கிறது, சேர்ந்ததும் 'ப்ரெட்'டை வெட்டிவிட்டு 'லோஃப்' என்றாலே தலை என்று ஆக்கிக்கொண்டார்கள். மூளையைப் பயன்படுத்துடா என்கிறான், பாவம், மொழிபெயர்த்தவர் ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டார். இதை யாராலும் ஊகிக்க முடியாது, தேடித்தான் ஆக வேண்டும். அதனால்தான் மலாய் எழுத்தை வைக்காதீர்கள், ஆங்கில எழுத்தையே வையுங்கள் என்கிறேன். அதில் கொச்சை பெரும்பாலும் அப்படியே இருக்கும், தேடவும் முடியும்.

இன்னொரு வகை, அகராதி பார்த்தாலும் தவறாகவே போகும். டெர்ரி பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் 'வீ' என்பார்கள். அகராதியில் 'சிறிய'. ஆனால் நாம் "கொஞ்சம் கையெழுத்துப் போடுங்க" என்றால் அவர் பாதிக் கையெழுத்தா போடுகிறார்? பல இடத்தில் அந்தக் 'கொஞ்சம்'தான் இந்த 'வீ', பேச்சைக் குழைத்துக் கொடுக்க. பிரிட்டனில் "ஆல்ரைட்?" என்று கேட்பதும் நம் "சாப்பிட்டாச்சா?" போலத்தான், யாரும் உட்கார்ந்து உடல்நிலை சொல்ல வேண்டியதில்லை. 'பிஸ்ட்' என்றால் அமெரிக்கருக்குக் கோபம், பிரிட்டிஷ்காரருக்குப் போதை, ஆக யார் பேசுகிறார் என்று பார்க்காமல் அர்த்தம் எடுக்க முடியாது.

நான் செய்வது இதுதான்: பிடித்த ஒரு காட்சி, மூன்று நிமிடம், எழுத்தோடு ஒரு தடவை, எழுத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை. ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், தொலைக்காட்சிப் பெட்டியின் ஸ்பீக்கரில் பாதி வசனம் பின்னணி இசையிலேயே கரைந்துவிடும். வேகத்தைக் குறைத்துக் கேட்பது சிலருக்கு உதவலாம், எனக்கு அது குடித்துவிட்டுப் பேசுகிற மாதிரிதான் கேட்டது. நாடு நாடாகத் தாவவும் வேண்டாம், ஒரு ஊரோடு ஒரு மாதம் இருங்கள். சென்னைத் தமிழில் 'பேஜார்', 'நாஸ்தா' எல்லாம் நமக்கு யார் பாடம் எடுத்தார்கள், படம் படமாகப் பார்த்து வந்ததுதானே.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்துப் பேச்சு மட்டும் எழுத்தை அணைத்தால் எனக்கு இன்னும் கைகொடுப்பதில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, கிளந்தான்காரர் இருவர் தங்கள் ஊர் மலாயில் பேசிக்கொண்டால் இன்றுவரை எனக்குப் பாதிதான் புரிகிறது.