அரசாங்கச் சம்பளம் பற்றி அரசியல்வாதிகள் சொல்லும் கணக்கை மலேசிய ஊடகங்கள் சரிபார்க்கின்றனவா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அரசு ஊழியர், அமைச்சர் சம்பளம் பற்றித் தலைவர்கள் மேடையில் சொல்லும் எண்கள் உண்மையா? அதை நம் ஊர்ப் பத்திரிகைகள் சரிபார்க்கின்றனவா?

கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். மலாயில் வரும் செய்தியைத் தமிழாக்கித் தலைப்புப் போடுவது என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எண் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அது எதைக் குறிக்கும் எண் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

மலாயில் 'காஜி' என்றால் சம்பளம், 'எலாவுன்' என்றால் அலவன்ஸ், 'பெண்டாப்பத்தான்' என்றால் மொத்த வருமானம். மூன்றும் வேறு வேறு. தமிழில் தலைப்புப் போடும்போது மூன்றையுமே 'சம்பளம்' என்று எழுதிவிடுகிறோம். இடம் குறைவு, நேரம் குறைவு, அச்சுக்குப் போக வேண்டும். நானே செய்திருக்கிறேன்.

2014 கடைசியில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதத் தொகை 6,508.59 ரிங்கிட்டிலிருந்து 16,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2015 ஜனவரியிலிருந்து அமல். நான் போட்ட தலைப்பு 'எம்.பி. சம்பளம் 16,000 ரிங்கிட்'. மறுநாள் காலையில் செந்தூலிலிருந்து ஒரு பெரியவர் போன் பண்ணினார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, மந்திரிக்கே 14,907 வெள்ளிதான்னு நீங்கதான் முன்ன போட்டீங்க. இப்ப எம்.பி.க்கு 16,000ங்கிறீங்க. எம்.பி. மந்திரிய விடப் பெரிய ஆளா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. 1980ஆம் ஆண்டின் நாடாளுமன்ற உறுப்பினர் ஊதியச் சட்டப்படி எம்.பி.க்குக் கிடைப்பது அலவன்ஸ், அமைச்சருக்குக் கிடைப்பது சம்பளம். மக்களவை உறுப்பினராக இருக்கும் அமைச்சருக்கு இரண்டும் உண்டு. 14,907.20 ரிங்கிட்டும் 16,000மும் சேர்ந்தால் 30,907.20. மற்றச் சலுகைகள் இதற்கு மேல். மூல மலாய்ச் செய்தியில் 'எலாவுன்' என்றுதான் இருந்தது. அந்தப் பெரியவரைக் குழப்பியது எந்த அரசியல்வாதியும் இல்லை, என் தலைப்பு.

இந்த வித்தியாசம் தெரிந்தால் மற்ற அறிவிப்புகளையும் சரியாகப் படிக்கலாம். 2018 மே மாதம் மகாதீர் அமைச்சரவை 10 விழுக்காடு சம்பளத்தைக் குறைத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் அன்வார் அமைச்சரவை 20 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தது. இரண்டும் நடந்த விஷயங்கள், பொய்யில்லை. ஆனால் வெட்டு அமைச்சர் சம்பளத்தில். 14,907.20இல் 20 விழுக்காடு என்றால் 2,981.44 ரிங்கிட். எம்.பி. அலவன்ஸையும் சேர்த்த தொகையோடு ஒப்பிட்டால் அது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய தமிழ்ச் செய்தி என் கண்ணில் படவில்லை. அறிவிப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாசகனுக்கு இரண்டும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அரசு ஊழியர் சம்பள உயர்வில் குழப்பம் இன்னும் அதிகம். 2024 மே 1ஆம் தேதி பிரதமர் அன்வார் அறிவித்தது 13 விழுக்காட்டுக்கும் அதிகமான உயர்வு. 2,000 ரிங்கிட்டுக்கு மேல் என்று சொன்னது நிலையான அலவன்ஸ்களும் சேர்ந்த குறைந்தபட்ச மாத வருமானத்தை. அன்று மாலைக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அது 'அடிப்படைச் சம்பளம் 2,000' ஆகிவிட்டது. ஆகஸ்ட் 16இல் முழு விவரம் வந்தது: பெரும்பாலான ஊழியர்களுக்கு 15 விழுக்காடு, உயர் நிர்வாகப் பதவிகளுக்கு 7 விழுக்காடு. அந்த 15உம் ஒரே தடவையில் இல்லை. 2024 டிசம்பர் 1 முதல் 8, 2026 ஜனவரி 1 முதல் 7.

என் அக்கா பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அந்த டிசம்பர் சம்பளச் சீட்டு வந்த வாரம் மளிகைக் கடையில், "என்ன டீச்சர், 15 விழுக்காடு ஏறிடுச்சே, இனி கடனுக்கு எழுத வேணாம்தானே" என்று கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ராத்திரி போனில் என்னோடு சீட்டை வரி வரியாகப் படித்தார். டிஜி41 என்று இருந்த பதவித் தரம் டிஜி9 ஆகியிருந்தது. தன்னைக் கீழே இறக்கிவிட்டார்களோ என்று முதலில் பயந்துவிட்டார். புதிய முறையில் எல்லாத் தரங்களுக்கும் எண்ணை மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் நிம்மதி. இந்த மாற்றத்தை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் எத்தனை ஆசிரியர்கள் பயப்படாமல் இருந்திருப்பார்கள்!

கணக்குக்கு வருவோம். 8 விழுக்காடு ஏறியது அடிப்படைச் சம்பளத்தில். அடிப்படை 4,000, அலவன்ஸ் 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவது 320. மொத்தத்தோடு ஒப்பிட்டால் ஆறரை விழுக்காடு. அப்புறம் வீட்டுக் கடன், கூட்டுறவுக் கடன் எல்லாம் பிடித்துக்கொண்டுதான் கையில் வரும். மேடையில் கேட்ட 15க்கும் கையில் வந்த ஆறரைக்கும் நடுவில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடைக்காரர் பார்வையில் அக்கா பணக்காரி ஆகிவிட்டார்.

உண்மை அறியும் தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017இல் தொடங்கிய 'செபெனார்ஞா' அரசாங்கத்தின் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்துவது. 'போனஸ் வருகிறது, இந்த இணைப்பைத் தட்டுங்கள்' வகைப் புரளிகளுக்கு அது நல்ல மருந்து. பெர்னாமாவின் மைசெக், ஜோம்செக், ஏஎஃப்பி போன்றவையும் இருக்கின்றன. ஆனால் ஓர் அமைச்சர் சொன்னது எண்ணளவில் சரியாகவும் பொருளளவில் பாதியாகவும் இருந்தால், 'உண்மை', 'பொய்' என்ற இரண்டு முத்திரைகளில் அது எதிலும் அடங்காது. அதை விளக்க வேண்டியது செய்தியாளர் வேலை. 2018இல் பொய்ச் செய்திக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தார்கள், 2019இல் அதை நீக்க நாடாளுமன்றத்தில் முடிவெடுத்தார்கள். இந்த மாதிரிப் பாதிக் கணக்கை எந்தச் சட்டமும் பிடிக்காது.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட், அதாவது அவையில் பேசியதன் அதிகாரப்பூர்வப் பதிவு, இருக்கிறது, மலாயில், இலவசமாக. அமைச்சர் சொன்ன முழு வாக்கியமும் அதில் கிடைக்கும். ஊழியர் சம்பளத்துக்குப் பொதுச் சேவைத் துறையின் சுற்றறிக்கை. இந்த இரண்டையும் தாண்டி எனக்குத் தேவைப்பட்டது அபூர்வம்.

தமிழ்ச் செய்திப் பிரிவுகளில் இப்போது வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். தலைப்பில் இடமில்லையென்றால் முதல் பத்தியிலாவது 'அடிப்படைச் சம்பளத்தில்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். எம்.பி. என்றால் 'அலவன்ஸ்' என்றே எழுதுங்கள், வாசகருக்குப் புரியும். செந்தூல்காரருக்கு நான் இரண்டு நாள் கழித்துத் திருப்பி அழைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத அப்படியே பேப்பர்ல போடலாமே தம்பி" என்றார். போடவில்லை. அன்றைய பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.