வேலை விலகல் மின்னஞ்சல்: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூரில் வேலையை விடப் போகிறவர்கள் விலகல் கடிதம் பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. மனிதவளப் பிரிவின் நடைமுறைகளை நன்கு அறிந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, மெயிலில் என்னதான் எழுதணும்? கிடைக்கிற மாதிரிகள் எல்லாம் ஒரு பக்கம் நீளுது. (தோ பாயோ, அலுவலக நிர்வாகம்)

நான்கைந்து வரி போதும். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள், ஆனால் விஷயம் இவ்வளவுதான்:

பொருள்: வேலை விலகல் அறிவிப்பு, முழுப்பெயர், ஊழியர் எண்.
"என் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ஒப்பந்தப்படி ஒரு மாத நோட்டீஸ் இன்று, ஏப்ரல் 15 முதல் தொடங்குகிறது. என் கடைசி வேலை நாள் மே 14. கையில் உள்ள வேலைகளை அதற்குள் ஒப்படைத்து விடுகிறேன். இதைப் பெற்றுக்கொண்டதையும் கடைசி நாளையும் பதில் மெயிலில் உறுதி செய்யுங்கள். இத்தனை நாள் தந்த வாய்ப்புக்கு நன்றி."

அலுவலக மெயிலிலிருந்து மேலாளருக்கு அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கு சிசி போடுங்கள். உங்கள் சொந்த முகவரிக்கு பிசிசி போட்டால் ஒரு நகல் கையில் இருக்கும். இந்த ஒரு மெயிலை மட்டும். வாடிக்கையாளர் பட்டியலையும் சேர்த்து அனுப்பினால் அது வேறு வம்பு.

"ஐ அம் திங்கிங் ஆஃப் ரிசைனிங்" என்று எழுதாதீர்கள். யோசிப்பதாகச் சொன்னால் அது நோட்டீஸ் ஆகாது. இரண்டு வாரம் கழித்து, "நீங்கள் இன்னும் நோட்டீஸே கொடுக்கவில்லையே" என்பார்கள்.

ஏப்ரல் 15-இல் கொடுத்தால் மே 15 தானே வரும்? 14 எப்படி? (ஈசூன்)

நோட்டீஸ் கொடுத்த நாளும் கணக்கில் சேரும். அதனால் 14. ஓய்வு நாள், பொது விடுமுறை எல்லாம் இதற்குள் அடங்கும், தனியாகக் கூட்ட வேண்டாம். ஒப்பந்தத்தில் "4 வாரம்" என்றிருந்தால் அது 28 நாள், ஒரு மாதம் இல்லை. அப்போது கடைசி நாள் மே 12. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தவறான தேதியைப் போட்டுவிட்டு, அதை நம்பி விமான டிக்கெட்டும் எடுத்து விடுகிறார்கள்.

என் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை மேடம். மூன்று வருஷம் ஆச்சு. (சில்லறைக் கடை, தேக்கா)

அப்படியென்றால் வேலை நியமனச் சட்டத்தில் உள்ளது பொருந்தும். வேலை பார்த்தது 26 வாரத்துக்குக் குறைவு என்றால் 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். உங்களுக்கு 2 வாரம். மேலாளர் பதவிக்கு இந்தச் சட்டம் கிடையாது என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் அவர்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். வீட்டுப் பணிப்பெண்கள், கடலோடிகள், அரசு ஊழியர்கள் மட்டும் வெளியே.

முதலாளி "நான் ஏற்றுக்கொள்ளவில்லை" என்கிறார். ஆள் கிடைக்கிற வரை இருக்கணுமாம். (ஜூரோங், பட்டறை)

ராஜினாமாவை மறுக்க முதலாளிக்கு உரிமை இல்லை. நோட்டீஸ் காலத்தை முடிக்கலாம், அல்லது அந்தக் காலத்துக்கான மொத்தச் சம்பளத்தை ஈடாகக் கட்டிவிட்டுப் போகலாம். நீங்கள் கேட்பது அனுமதி இல்லை, தருவது தகவல். அதனால் "தயவுசெய்து என் விண்ணப்பத்தை ஏற்கவும்" என்ற நம் ஊர் வழக்கமான வரியை எடுத்து விடுங்கள். நோட்டீஸைக் குறைத்துக்கொள்ள மட்டும் அவர் சம்மதம் வேண்டும். அதை வாய்ப்பேச்சில் விடாமல் மெயிலில் வாங்கி வையுங்கள்.

அண்ணன் ஒருத்தர் வேறு கம்பெனியில் ஆஃபர் லெட்டர் வாங்கித் தந்துட்டார். நான் இபி, அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கேன். இன்னைக்கே மெயில் அனுப்பலாமா அக்கா? (செங்காங், ஐடி)

வேண்டாம் தம்பி. ஆஃபர் லெட்டர் கையில் இருப்பது வேலை பாஸ் கிடைத்ததாக ஆகாது. புதிய கம்பெனி உங்களுக்காகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலான இபி விண்ணப்பங்கள் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி எடுத்தாக வேண்டும். கொள்கை அளவிலான ஒப்புதல், அதாவது ஐபிஏ, கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். முந்திக்கொண்டு வேலையை விட்டு, அங்கே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் இரண்டும் போச்சு. கடைசி நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பழைய கம்பெனி உங்கள் பாஸை ரத்து செய்ய வேண்டும். மனைவி, பிள்ளைகளின் சார்ந்திருப்போர் பாஸும் அதோடு போய்விடும். பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதையும் கணக்கில் வைத்துத் தேதி குறியுங்கள்.

கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள் என்கிறார்களே, நிஜமா? (எஸ் பாஸ் எனும் வேலை அனுமதியில் இருப்பவர், உட்லண்ட்ஸ்)

நிஜம்தான், சட்டப்படியும் சரிதான். வெளிநாட்டு ஊழியர் விலகும்போது வரிக் கணக்கைத் தீர்ப்பதற்காக முதலாளி ஐஆர்21 படிவத்தை, வேலை முடிவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வருவாய் ஆணையத்துக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் விலகுவதாகத் தெரிந்த நாளிலிருந்து தர வேண்டிய பணம் முழுவதையும் பிடித்து வைக்க வேண்டும்: சம்பளம், போனஸ், விடுப்புக்கான பணம் எல்லாம். தாக்கல் செய்து 30 நாள் அல்லது ஆணையம் விடுவிக்கச் சொல்லும் நாள், எது முந்தியோ அதுவரை.

அதனால் மாதச் சம்பளம் வங்கியில் ஏறிய பிறகு மெயில் அனுப்புவது புத்திசாலித்தனம். இரண்டு மாத வாடகைக்கும் ஊருக்கு அனுப்பவும் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரவாசி இங்கேயே தொடர்ந்து இருந்தால் இந்தப் பிடித்தம் இல்லை. நிரந்தரமாக நாட்டை விட்டுப் போனால் உண்டு. குடிமக்கள் நோட்டீஸை முழுதாக முடித்தால் கடைசி நாளிலேயே சம்பளம் வர வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் விட்டுப்போனால் 7 நாளுக்குள்.

5 நாள் விடுப்பு பாக்கி இருக்கு. கழிச்சுக்கலாமா? (தெம்பனிஸ்)

இங்கே இரண்டு சொல் இருக்கிறது, வித்தியாசம் பெரிசு. வாரம் 5 நாள் வேலை, 2026 ஏப்ரல் 15-இல் ஒரு மாத நோட்டீஸ் என்று வைப்போம்.

நோட்டீஸை விடுப்பால் ஈடுகட்டுவது: கடைசி நாள் மே 14-லிருந்து மே 7-க்கு முன்வருகிறது. சம்பளமும் மே 7 வரைதான். மே 8 வெள்ளிக்கிழமையே புது இடத்தில் சேரலாம்.

நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுப்பது: அலுவலகம் போவது மே 7 வரைதான், ஆனால் 14 வரை நீங்கள் அங்கே ஊழியர். சம்பளம் 14 வரை வரும். வேறு இடத்தில் சேரக் கூடாது.

விடுப்பு எடுக்க அவர்கள் சம்மதம் வேண்டும் என்பதால், எது வேண்டும் என்று மெயிலில் தெளிவாகக் கேளுங்கள். "என் விடுப்பை சரிக்கட்டிக்கொள்ளவும்" என்று பொதுவாக எழுதினால் அவர்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார்கள்.

காரணம் எழுதணுமா? மேலாளர் செய்ததை எல்லாம் கொட்டிவிடணும் போல இருக்கு.

காரணம் சொல்லத் தேவையில்லை. கொட்ட வேண்டாம், அந்த மெயில் உங்கள் கோப்பில் தங்கும். ஓவர்டைம் பாக்கி போன்றவற்றை தனி மெயிலில், தேதியும் மணிக்கணக்கும் போட்டுக் கேளுங்கள். தரவில்லையென்றால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வேலைத் தகராறு தீர்க்கும் முத்தரப்பு அமைப்பான 'டாடெம்'மிடம் போகலாம்.

"நீயே எழுதிக் கொடுத்துடு, இல்லைன்னா நீக்கிடுவோம்" என்கிறார்கள் அக்கா. எழுதித் தரட்டுமா?

இன்றைக்கு எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டால், பின்னால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடு. யோசிக்க நேரம் கேளுங்கள். பேசியதை அன்றே மெயிலாக்கி அனுப்புங்கள்: "இன்று காலை 10 மணிக் கூட்டத்தில் நான் விலக வேண்டும், இல்லையேல் நீக்கப்படுவேன் என்று சொன்னீர்கள், காரணத்தை எழுத்தில் தரவும்." கட்டாய ராஜினாமாவும் முறையற்ற பணிநீக்கமாகக் கருதப்படலாம். ஆனால் அந்த வழக்குக்கு 6 மாதம் கிடையாது, கடைசி நாளிலிருந்து ஒரே மாதம்தான்.

அனுப்பிட்டேன், இப்போ மனசு மாறிடுச்சு.

முதலாளி சம்மதித்தால் திரும்பப் பெறலாம். இல்லையென்றால் முடியாது. கேட்பதாக இருந்தால் இன்றே கேளுங்கள், உங்கள் இடத்துக்கு விளம்பரம் போகும் முன்.

கடைசியா ஒன்று: வெள்ளிக்கிழமை ராத்திரி அனுப்பலாமா?

"திங்கட்கிழமைதான் பார்த்தேன்" என்பார்கள், தேதிச் சண்டை வரும். வேலை நேரத்தில், மேலாளரிடம் ஐந்து நிமிடம் நேரில் சொல்லிவிட்டு உடனே அனுப்புங்கள். மனிதவளத் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும் என்றால் அங்கும் அதே கடைசி தேதியைப் போடுங்கள். சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், விடுப்பு இருப்பு, இவற்றை அனுப்புவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் மெயில் போன அரை மணியில் கணினி நுழைவை மூடிவிடுகிறார்கள்.