கப்பாவின் தலையில் இருக்கும் தண்ணீர்

அன்புள்ள சார்,

என் மகனுக்கு 12 வயது. ஆறு மாதமாக வீட்டில் ஜப்பானியப் பூதங்களைப் பற்றியே பேச்சு. கென்ஜி என்ற பையனை வைத்து நோட்டில் ஒரு சாகசக் கதை எழுதிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பக்கத்தில் ஆற்றிலிருந்து கப்பா என்ற நீர்ப்பூதம் வருகிறது, கென்ஜி வாளால் வெட்டிவிடுகிறான். ஐந்தாம் பக்கத்தில் எட்டுத் தலைப் பாம்பு, அதற்கும் ஒரே வெட்டு. அதன் பிறகு கதை நகரவில்லை, நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். நம் ஊர்க் கதை ஏதாவது எழுதச் சொல்லேன் என்கிறார் என் கணவர். அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ர.

அன்புள்ள ர.,

ஜப்பானையே எழுதட்டும். அந்த வயதில் ஒரு விஷயத்தின் மேல் இவ்வளவு பித்து வருவது வரம், கலைத்துவிடாதீர்கள். அவன் கதை நின்றுபோனதற்குக் காரணம் ஊர் இல்லை, வாள். எதிரே வருவதையெல்லாம் வெட்டிவிட்டால் அடுத்த பக்கத்துக்கு யார் மிச்சம் இருப்பார்கள்?

கப்பாவையே எடுத்துக்கொள்வோம். சின்னப் பிள்ளை உயரம்தான். முதுகில் ஆமை ஓடு, உச்சந்தலையில் சாஸர் மாதிரி ஒரு குழி, அதில் கொஞ்சம் தண்ணீர். குதிரையைக்கூட ஆற்றுக்குள் இழுக்கும் பலம் அதற்கு அந்தத் தண்ணீரால் வருகிறது. ஆனால் கப்பா மரியாதை தவறாது. நாம் குனிந்து வணங்கினால் அதுவும் குனிந்தே தீரும். குனிந்ததும் தண்ணீர் கொட்டிவிடும், அசைய முடியாமல் நின்றுவிடும். அப்புறம் நடப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தத் தலையில் யாராவது மறுபடி தண்ணீர் ஊற்றினால், அவருக்குக் காலம் முழுக்க நன்றியோடு இருக்கும். முறிந்த எலும்பைச் சேர்க்கும் வைத்தியத்தை மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கப்பாக்கள் கதைகளில் உண்டு, வயலுக்கு நீர் பாய்ச்சிய கப்பாக்களும் உண்டு. வாள் தூக்கத் தெரியாத பிள்ளைக்கும் வணக்கம் சொல்லத் தெரியும் அல்லவா?

712இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான ‘கொஜிகி’யிலும் இதே போக்கைப் பார்க்கலாம். தம்பி சுசனோவோ செய்த அட்டூழியம் தாங்காமல் சூரிய தேவி அமதெரசு குகைக்குள் போய் அடைத்துக்கொள்கிறாள், உலகம் இருண்டுவிடுகிறது. தேவர்கள் கூடி யோசித்து, சேவல்களைக் கூவ விடுகிறார்கள், கண்ணாடியை மரத்தில் தொங்கவிடுகிறார்கள். உசுமே என்ற தேவி கவிழ்த்த தொட்டி மேல் ஏறி ஆட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் இல்லாமல் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று அமதெரசு கதவை லேசாகத் திறக்கிறாள். ஒரு தேவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறான். இழுக்கப் பலம் வேண்டியிருந்தது, சரி. ஆனால் கதவைத் திறக்க வைத்தது சிரிப்பு.

எட்டுத் தலைப் பாம்பு யமதா நோ ஒரோச்சியும் வாளுக்கு முன்னால் தந்திரத்தில்தான் விழுந்தது. இசுமோவில் ஒரு வயதான தம்பதியின் எட்டுப் பெண்களில் ஏழு பேரை அது தின்றுவிட்டது. மிச்சம் இருப்பவள் குஷினாதா. சுசனோவோ எட்டு வாசல் அமைத்து, வாசலுக்கு ஒரு தொட்டி அரிசி மது வைக்கச் சொல்கிறான். எட்டுத் தலையும் குடித்துத் தூங்கிய பிறகே வெட்டுகிறான்.

இதில் இன்னொன்று உண்டு. சண்டைக்கு முன்னால் அவன் குஷினாதாவைச் சீப்பாக மாற்றித் தன் கொண்டையில் செருகிக்கொள்கிறான். அதை முதலில் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சீப்பு மேல்தான் கண். அக்காமார் ஏழு பேரைத் தின்ற பாம்பு கீழே குடித்துக்கொண்டிருக்கிறது, இவள் ஒருவன் தலைமுடிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன நினைத்திருப்பாள்? பாம்பின் எந்தத் தலை இன்னும் முழுதாகத் தூங்கவில்லை என்று அவளுக்குத்தானே தெரிந்திருக்கும்? கொஜிகி அவளைப் பேச விடவில்லை. உங்கள் மகன் பேச விடலாம்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். ஜப்பானியர்கள் பென்சைதென் என்று கும்பிடுவது நம் சரஸ்வதியைத்தான். பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவள், கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற ஜப்பானியத் தந்தி வாத்தியம் வைத்திருப்பாள். எனோஷிமா தீவின் கதையில், பிள்ளைகளைத் தின்றுகொண்டிருந்த ஐந்து தலை நாகம் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறது. கொடுமையை விட்டால்தான் ஆச்சு என்கிறாள். நாகமும் விட்டுவிடுகிறது.

எழுதிய பக்கங்களைக் கிழிக்கச் சொல்லாதீர்கள். மூன்றாம் பக்கத்துக்கு மட்டும் திரும்பிப் போகட்டும். கென்ஜி வாளை வைத்துவிட்டுக் குனிகிறான், கப்பாவும் குனிகிறது, தண்ணீர் கொட்டிவிடுகிறது. பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது. கென்ஜி கையில் தண்ணீர் அள்ளுவானா, மாட்டானா என்று அவனிடமே கேளுங்கள். அந்தப் பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், காத்திருப்பேன்.