வாங்கும் முன்: பாக்கெட்டைப் பிரித்தால் டெக் வராது

சென்ற முறை கார்டு விளையாட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் பிறகு தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதையே பேசுகின்றன. தெரியாதவர்களுக்காக: 'மேஜிக்: த கேதரிங்' 1993-ல் வெளியான ஆட்டம், உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். ஆளுக்குக் குறைந்தது 60 கார்டு கொண்ட டெக்கைத் தாமே அமைத்துக்கொண்டு, எதிராளியின் 20 உயிர்ப் புள்ளிகளைப் பூஜ்யமாக்க வேண்டும். எதிராளி சுதாரிக்கும் முன்பே அடித்து முடிக்கும் டெக்குக்கு அக்ரோ என்று பெயர்.

சிவப்பு அக்ரோ டெக் கட்ட ஆசைப்பட்டு ஆறு மாதத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு பூஸ்டர் பாக்கெட் வாங்கினேன். கார்டு குவிந்து கிடக்கிறது, டெக் அமையவில்லை. இன்னும் ஒரு பெட்டி வாங்கினால் முடிந்துவிடுமா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

முடியாது. இன்னும் இரண்டு பெட்டி வாங்கினாலும் முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே பள்ளத்தில் விழுந்தவர்களின் கடிதங்கள் மட்டும் தனிக் கட்டாக என் மேசையில் இருக்கின்றன.

பூஸ்டர் என்பது உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாமலே வாங்கும் பாக்கெட். இப்போது வரும் பாக்கெட்டில் 14 கார்டு. அதில் அரிய கார்டு ஒன்று உறுதி, அதிர்ஷ்டம் இருந்தால் கூடுதலாக வரலாம். மற்றதெல்லாம் சாதாரண வகை. ஆட்டத்தில் வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து நிறம். ஆகவே பிரிக்கும் பாக்கெட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு உங்கள் சிவப்பு டெக்குக்கு உதவாது. ஒரு பெரிய தொகுப்பில் அரிய கார்டுகளே அறுபது வகை இருக்கும். முப்பது பாக்கெட் பெட்டியைப் பிரித்தாலும் நீங்கள் தேடும் ஒன்று வந்தால் உண்டு. அக்ரோ டெக்குக்கோ அது நான்கு வேண்டும்.

அந்த நான்குதான் இங்கே முக்கியம். விதிப்படி ஒரே பெயருள்ள கார்டை நான்கு வரை வைக்கலாம், அடிப்படை நிலக் கார்டுகளுக்கு மட்டும் வரம்பில்லை. வேகமாக அடிக்கும் டெக் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதால் நல்ல கார்டை நான்காகவே வைப்பார்கள். சிவப்புக்கான அடிப்படை நிலக் கார்டான மவுன்டன் 20, பத்துப் பெயர் நான்கு நான்காக 40. மொத்தம் 60. ஆக, நீங்கள் வாங்க வேண்டியது பத்துப் பெயர் கொண்ட ஒரு சீட்டு. மளிகைக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போகிறோமே, அப்படி. இப்படி வேண்டிய கார்டை மட்டும் தனித்தனியாக விலைக்கு வாங்குவதைத்தான் சிங்கிள்ஸ் வாங்குவது என்கிறார்கள். 'லைட்னிங் போல்ட்' என்ற சிவப்புக் கார்டு 1993-லேயே வந்து, பிறகு பலமுறை மறுபதிப்பானது. அதை பாக்கெட்டில் தேடுகிறவர் காசைக் காவிரியில் போடுகிறார்.

பாக்கெட் பிரிக்கும் சுகம் எனக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் 'ஒவ்வொரு பெட்டியிலும் விலை உயர்ந்த கார்டு உறுதி' என்ற விளம்பரத்தை நம்பி 3,500 ரூபாய்க்கு ஒரு மர்மப் பெட்டி வாங்கினேன். யாரோ பிரித்து, நல்லதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மறுபடி ஒட்டிக் கொடுத்த குப்பை அது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு எதிராகக் கேட்க வழி உண்டு. ஆனால் நான் அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து வைக்கவில்லை. நான் கேள்வி கேட்டதும் அவர் அதை நீக்கிவிட்டார். இன்றும் அந்தப் பெட்டியைப் பார்த்தால் கோபம் வருகிறது. தயவுசெய்து பணம் அனுப்பும் முன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆலையில் ஒட்டிய பாக்கெட்டைத் தவிர வேறு எந்த 'உறுதி'ப் பெட்டியையும் தொடாதீர்கள்.

75 கார்டு வைத்தால் என்னிடம் உள்ள நல்ல கார்டு எல்லாவற்றையும் சேர்த்துவிடலாமே?
– கும்பகோணம் வாசகர்

சேர்க்கலாம், அவை கைக்கு வராது. 60-க்குக் குறையுங்கள்.

மயிலாடுதுறை கடைமுகத் திருவிழாவில் மகனுக்குத் தங்க நிற போகிமான் கார்டு பெட்டி 400 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் 'டூப்ளிகேட்' என்று சிரித்தார்களாம். இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?
– ஒரு தாய்

அம்மா, தவறு உங்கள் மேல் இல்லை. துலாக் கட்டத்துக் கூட்டத்தில், பிள்ளை கையைப் பிடித்து இழுக்கும்போது, லென்ஸ் வைத்துப் பார்த்தா வாங்க முடியும்? குழந்தையின் ஆசையைக் காசாக்கும் வேலை இது. எனக்கு வரும் புகார்களிலேயே மனதை அதிகம் வருத்துவது இந்த வகைதான்.

பெட்டி முழுக்கத் தங்க நிற பிளாஸ்டிக் கார்டு என்றால் அது போலி. போகிமான் என்ற ஆங்கிலப் பெயரில் 'e' எழுத்தின் மேல் ஒரு சாய்ந்த கோடு இருக்கும், போலிகளில் பெரும்பாலும் இருக்காது. அசல் கார்டு அட்டைதான், அதன் நடுவில் ஒரு கருப்புப் படலம் உண்டு. விளிம்பை உற்றுப் பார்த்தால் தெரியும்.

இறக்குமதிப் பொருளின் உறையில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பெட்டியை வைத்திருந்தால் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அதுவே சட்ட மீறல், நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு அதைக் கவனிக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். 400 ரூபாய் திரும்பி வருவது கடினம், ஆனாலும் அடுத்த வருடக் கடைமுகத்தில் ஒருவராவது வந்து சோதிக்கட்டும்.

மகனிடம் சொல்லுங்கள்: அசல் டெக்கும் 60 கார்டுதான். அதில் நிறைய அடிப்படை எனர்ஜி கார்டு. அவை மலிவு.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம் 'கோப்ளின் கைடு' நான்கு வாங்கினேன். நான்கும் போலி. இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார்.
– தஞ்சாவூர் வாசகர்

முதலில் 1930-க்கு அழையுங்கள், அது சைபர் மோசடிக்கான எண். யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் உரையாடலையும் அழிக்காதீர்கள். அவர் இதையே தொழிலாக நடத்துபவர் என்று காட்ட முடிந்தால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. தன் சொந்தக் கார்டை ஒருமுறை விற்ற தனிநபர் என்றால் அது நுகர்வோர் வழக்கு ஆகாது, மோசடிப் புகார்தான்.

இனி வாங்கும்போது: மேஜிக் கார்டின் பின்பக்கம் ஐந்து நிற வட்டம் உண்டு. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸால் பச்சை வட்டத்தைப் பாருங்கள். அசலில் ஆங்கில 'எல்' எழுத்து போல நான்கு சிவப்புப் புள்ளி இருக்கும். சந்தேகம் வந்தால், நீங்களே பாக்கெட்டில் பிரித்தெடுத்த ஒரு சாதாரண கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கார்டை வளைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அசலும் கெடும்.

சென்னையில் ஸ்டாண்டர்ட் போட்டிக்குப் போனேன். என் 'லாவா ஸ்பைக்' நான்கையும் அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். விற்ற கடைமீது புகார் கொடுக்கலாமா?
– பட்டுக்கோட்டை வாசகர்

எதற்கு? கடைக்காரர் கேட்ட கார்டைக் கொடுத்தார். லாவா ஸ்பைக் 2004-ல் காமிகாவா தொகுப்பில் வந்தது. ஸ்டாண்டர்ட் என்பது பெரும்பாலும் அண்மை ஆண்டுகளின் தொகுப்புகள் மட்டும். எந்தப் போட்டிக்கு எந்தக் கார்டு செல்லும் என்பதை ஐந்து நிமிடத்தில் கைப்பேசியில் பார்த்திருக்கலாம். பேருந்துச் செலவைப் பார்த்தவர் இதையும் பார்த்திருக்க வேண்டும்.

ஃபாயில் கார்டெல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. மாற்றித் தருவார்களா?
– நாகப்பட்டினம் வாசகி

வாங்கிய அன்றே வளைந்திருந்தால் கேளுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு வளைந்தது என்றால் காற்றின் ஈரம். காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், மேலே உள்ள உலோகப் படலம் விரியாது, அதனால்தான் வளைகிறது. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். விளையாடுவதற்கு ஃபாயில் இல்லாத கார்டே போதும், விலையும் பெரும்பாலும் குறைவு. கார்டைப் பாதுகாக்கும் உறையான ஸ்லீவ் வாங்கினால் 66-க்கு 91 மில்லிமீட்டர் அளவு என்று பார்த்து வாங்குங்கள். நான் யூ-கி-ஓ கார்டுக்கான சிறிய ஸ்லீவ் நூறு வாங்கி, ஒன்றும் நுழையாமல், திருப்பவும் முடியாமல் இழந்திருக்கிறேன்.

அக்ரோ டெக் முழுசாக இருக்கிறது. ஆனாலும் தோற்கிறேன். அடுத்து எந்தக் கார்டு வாங்கட்டும்?
– திருவாரூர் வாசகர்

எதுவும் வாங்காதீர்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதலில் ஆடுபவருக்கு மூன்றாம் திருப்பத்துக்குள் ஒன்பது கார்டு கிடைக்கும். மவுன்டன் மூன்று, கோப்ளின் கைடு ஒன்று, ஒரு மனாவுக்கு (நிலக் கார்டு தரும் சக்திதான் மனா, அதைச் செலவழித்துத்தான் மற்ற கார்டை ஆட முடியும்) மூன்று அடி தரும் போல்ட் வகை ஐந்து என்று வைப்போம். வந்த திருப்பத்திலேயே தாக்கும் கைடு மூன்று முறை இரண்டிரண்டாக அடித்தால் 6. ஐந்து போல்ட் 15. மொத்தம் 21, ஆட்டம் முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று திருப்பத்தில் கிடைக்கும் ஆறு மனாவில் ஒன்றுகூட வீணாகவில்லை. அப்படியே அமைவது அரிது, ஆனால் உங்கள் டெக் முயல வேண்டியது அதைத்தான்.

கடிதத்தில் ஐந்து மனா டிராகன் நான்கு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எடுத்துவிடுங்கள். எதிராளியின் ஒவ்வொரு சிறு உயிரியையும் போல்ட்டால் கொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் தோல்விக்குக் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் கைடை மறிக்கும் உயிரியை மட்டும் கொல்லுங்கள், மற்ற போல்ட்டெல்லாம் நேராக எதிராளிக்கே. நிலக் கார்டு ஒன்றுகூட இல்லாத கையை மனம் வராமல் பிடித்து வைக்காதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பு மகள் விளையாட ஆசைப்படுகிறாள். குறுவை அறுப்புப் பணம் வந்ததும் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு ஒதுக்கட்டும்?
– விவசாயி, திருவையாறு

அதுவரை செலவே வேண்டாம். 'மேஜிக் அரீனா' கைப்பேசியில் இலவசம், ஆடப் பழக ஆரம்ப டெக்குகளும் அதிலேயே தருகிறார்கள். அதில் பணம் கட்டும் பொத்தானை மட்டும் உங்கள் கடவுச்சொல்லால் பூட்டிவிடுங்கள். ஆட்டம் பிடித்துவிட்டால், பழைய நோட்டுத் தாளில் அறுபது துண்டு வெட்டி, கார்டுகளின் பெயரையும் வேலையையும் எழுதி, தோழியோடு திண்ணையில் ஆடச் சொல்லுங்கள். போட்டிக்கு அது செல்லாது, வீட்டில் பழக அதைவிட நல்லது கிடையாது. பதினைந்து ஆட்டம் ஆடிய பிறகும் எந்தத் துண்டுகளை அவள் மாற்றாமல் வைத்திருக்கிறாளோ, அந்தப் பெயர்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இன்றைய விலை விசாரித்துச் சொல்கிறேன்.